உப்பு போட்டால் பனி இறுகுமா?

2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. சோச்சி கருங்கடல் ஓரத்து ஊர். கடற்கரைச் சாலையில் பனைக் குடும்பத்து மரங்கள் நிற்கும். அந்த ஆண்டு அங்கே வெயிலும் நன்றாகவே அடித்தது. பார்க்க வந்தவர்களில் சிலர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடலோரம் வெயில் காய்ந்தார்கள்.

கரையிலிருந்து கொஞ்சத் தொலைவில் மலை தொடங்குகிறது. பனிச்சறுக்குப் பந்தயங்கள் அங்கேதான், ரோசா ஹுத்தோர் என்ற இடத்தில். வெயில் மலையையும் விடவில்லை. பந்தயப் பாதை மேலாகக் குழையத் தொடங்கியது. இதில் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். பனி குழைந்திருந்தால் முதலில் வருபவருக்கு மழமழவென்ற பாதை கிடைக்கும், முப்பதாவதாக வருபவருக்கு மற்றவர்கள் உழுதுவிட்டுப் போன பள்ளமும் மேடும்தான் மிச்சம். அப்படி ஒரு பந்தயம் நடத்தி யாருக்குப் பதக்கம் கொடுப்பது?

உடனே உப்பைத் தேடினார்கள். சமையலுக்குப் போடுகிற அதே உப்புதான், ஆனால் பருமனான கல்லுப்பு வேண்டும். கையிருப்பில் அது போதவில்லை. பனியில் உப்பிடுவதில் கைதேர்ந்த ஹான்ஸ் பீரன் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் அங்கே இருந்தார். அவருடைய நாட்டிலிருந்து 20 டன்னுக்கும் மேற்பட்ட கல்லுப்பு அவசர அவசரமாக விமானத்தில் வந்து சேர்ந்தது. கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு விமானத்தில் உப்பு வரவழைத்த கதையைத் தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரத்திலோ முள்ளக்காட்டிலோ சொன்னால் சிரிப்பார்கள். அங்கே சாலையின் இருபுறமும் உப்பு அம்பாரங்கள் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களுடையது.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு சந்தேகம் வர வேண்டும். உப்பு போட்டால் பனி உருகும் அல்லவா? குளிர் நாடுகளில் சாலையில் படிந்த பனியை உருக்க லாரி லாரியாக உப்பைத் தூவுகிறார்களே! சாலையில் பனியைக் கரைக்கும் அதே உப்பு, மலைச்சரிவில் மட்டும் பனியை இறுக்குமா?

இறுக்கும். எப்படி என்று புரிய, முதலில் வசந்த காலத்தில் ஒரு பனிமலைக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றி வர வேண்டும். ரஷ்யா வரைக்கும் போக வேண்டாம், காஷ்மீரின் குல்மார்க் போதும்.

குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் இருக்கிறது. ஊர் இருப்பது கிண்ணம் போலக் குழிந்த புல்வெளியில். முதன்முதலாகச் சறுக்குக் கற்பவர்கள் அங்கேயுள்ள சின்னச் சரிவுகளில் விழுந்து எழுவார்கள். மேலே போக ரோப் கார் உண்டு. முதல் கட்டம் ஃபிர் மரக் காட்டின் மேலாகக் கோங்டூரி வரைக்கும் போகும். இரண்டாம் கட்டம் மரமே இல்லாத அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். உலகிலேயே மிக உயரம் வரை போகிற ரோப் கார்களில் இதுவும் ஒன்று. கீழிருந்து மேலே 1,300 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறைவது வழக்கம். கணக்குப் போட்டால், உச்சியில் கீழே இருப்பதைவிட எட்டு டிகிரிக்கு மேல் குளிர் கூடுதல். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிஃப் கான், இந்தச் சரிவுகளில் பழகியவர்தான்.

மார்ச் மாதம் என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் உப்பளப் பாத்திகளில் வேலை சூடுபிடிக்கும் மாதம் அது. வெயில் ஏறுவதைப் பார்த்து நம் ஊரில் சந்தோஷப்படும் அதே மாதத்தில்தான் மலையில் பனி இளகத் தொடங்குகிறது.

மார்ச் பனி, ஜனவரிப் பனி மாதிரி இருக்காது. ஜனவரியில் விழுவது மாவு போன்ற உலர்ந்த பனி. மார்ச்சில் பகலில் வெப்பம் உறைநிலைக்கு மேலே போகும், இரவில் கீழே இறங்கும். பகலில் மேல்பரப்பு உருகும், இரவில் மறுபடி உறையும். தினமும் இது நடந்தால் பனியின் உருவமே மாறிவிடும். சின்னஞ்சிறு மணிகள் முதலில் உருகிக் காணாமல் போகும். அந்த நீர் பெரிய மணிகளின் மேல் ஒட்டி உறையும். பெரியவை இன்னும் பெரிதாகும். சில நாட்களில் பார்த்தால் மேல்பரப்பு முழுக்க ஜவ்வரிசி அளவில் உருண்டை உருண்டையாக இருக்கும்.

இரவில் நன்றாக உறைந்ததா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள, மலைவாசிகள் முதல் நாள் இரவு வானத்தைப் பார்ப்பார்கள். நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. பனி தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வானம் வெறிச்சென்று இருந்தால் வெப்பம் போனது போனதுதான். அதனால் காற்று இரண்டு மூன்று டிகிரி வெப்பத்தில் இருக்கும்போதுகூடப் பனியின் மேல்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைந்துவிடும். மேகமூட்டமான இரவுக்கு அடுத்த நாள் காலையில் பனி சரியாக இறுகாமல், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

சரி, நட்சத்திர இரவு முடிந்தது. காலை ஒன்பது மணிக்குச் சரிவு கல் மாதிரி இருக்கும். சறுக்குப் பலகைகள் கடகடவென்று அதிரும், விழுந்தால் அடி பலமாகப் படும். அவசரப்படாதவர்கள் சூரியனுக்காகக் காத்திருப்பார்கள். எந்தச் சரிவு முதலில் இளகும்? கிழக்கைப் பார்த்த சரிவு. பத்து, பதினொரு மணி வாக்கில் அங்கே மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் கெட்டியாகவே இருக்கும். சறுக்குகிறவர்கள் ஆண்டு முழுக்கக் கனவு காண்பது இந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான். மேலே மென்மையாக இருப்பதால் பலகை சொன்னபடி திரும்பும், அடியில் உறுதி இருப்பதால் புதையாது. கிழக்குச் சரிவு குழையத் தொடங்கியதும் தெற்குச் சரிவுக்கு மாறுவார்கள், பிற்பகலில் மேற்குச் சரிவுக்கு. சூரியன் போகிற வழியிலேயே மலையைச் சுற்றி வருவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

தெற்குச் சரிவைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. தூத்துக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9 டிகிரி வடக்கே இருக்கிறது, குல்மார்க் 34 டிகிரி வடக்கே. மார்ச் 21-ஐ ஒட்டி நண்பகலில் தூத்துக்குடியில் சூரியன் தரையிலிருந்து 81 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்கும். குல்மார்க்கில் 56 டிகிரிதான். ஆனால் அங்கே தரை மட்டமாக இல்லையே! தெற்கு நோக்கி 30 டிகிரி சாய்ந்த சரிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 56-உடன் 30-ஐக் கூட்டினால் 86. அதாவது அந்தச் சரிவின் மீது வெயில், நம் உப்பளப் பாத்தியின் மீது விழுவதைவிடவும் செங்குத்தாக விழுகிறது! அதே மலையின் வடக்குச் சரிவுக்கோ 30-ஐக் கழிக்க வேண்டும்: 26 டிகிரிதான். ஒளி சாய்வாக விழுந்து அதிகப் பரப்பில் பரவிவிடுவதால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் தெற்குச் சரிவில் கிடைப்பதில் பாதிகூடத் தேறாது. அதனால்தான் ஒரே நாளில், ஒரே மலையில், தெற்கே கூழும் வடக்கே மாவுமாக இருவகைப் பனி கிடைக்கிறது. மரக் காட்டுக்குள் நிழல் இருக்கும் இடத்தில் மூன்றாவது வகையும் கிடைக்கும். அங்கே மரத்தில் மோதாமல் வர வேண்டும் என்பது தனிக் கவலை.

அத்தனை வெயில் விழுந்தும் பனி ஒரேயடியாக உருகிவிடாததற்குக் காரணம் அதன் வெண்மை. புதுப் பனி தன் மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். இத்தனைக்கும் ஒரு பனித் துகளைத் தனியாக எடுத்தால் அது வெள்ளை இல்லை, கண்ணாடி மாதிரித் தெளிவானது. ஒரு கல்லுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அதுவும் அப்படித்தான். கோடிக்கணக்கான தெளிந்த துகள்கள் சேரும்போது ஒளி ஒவ்வொரு முகத்திலும் பட்டுப் பட்டுச் சிதறி, எல்லா நிறமும் கலந்து திரும்பி வருகிறது. பனிமலையும் உப்பு அம்பாரமும் வெள்ளையாக இருப்பதற்கு ஒரே காரணம்தான். உப்பளத் தொழிலாளர்களுக்குக் கண் கூசிக் கூசிப் பார்வைக் கோளாறு வருவதும், மலையில் கறுப்புக் கண்ணாடி போடாதவர்களுக்குக் கண் எரிந்து சிவப்பதும் இந்தத் திரும்பி வரும் ஒளியால்தான். மலையில் சறுக்குகிறவர் கண்ணாடி இல்லாமல் இறங்க மாட்டார். உப்பளத்தில் பாத்தியில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அது கிடைத்துவிட்டதா என்றால், இல்லை.

பனி இளகி மணிகள் பெரிதாகி நீர் கோத்துக்கொண்டால் வெண்மை குறையும். வெண்மை குறைந்தால் அதிக வெப்பத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் இன்னும் வேகமாக உருகும். பிற்பகலில் சரிவு திடீரென்று கூழாவது இதனால்தான். எல்லோரும் ஒரே இடங்களில் திரும்பித் திரும்பிக் குழைந்த பனியை ஒதுக்குவதால், சரிவு முழுக்க முதுகு முதுகாக மேடுகள் முளைக்கும். செங்குத்தான சரிவுகளில் ஈரம் உள்ளே இறங்கிப் பிடிப்பு தளர்ந்தால் பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அதற்குள் கீழே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சறுக்குப் பலகைக்கும் இந்த ஈரம் பிடிக்காது. பலகையின் அழுத்தத்தால் பனி உருகித்தான் அது வழுக்குகிறது என்று பல பழைய புத்தகங்களில் இருக்கும். கணக்கு ஒத்துவரவில்லை. நீளப் பலகையில் எடை பரவிவிடுவதால், அழுத்தம் உறைநிலையை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறைப்பதில்லை. உண்மையில் உதவுவது உராய்வு. பலகை உரசும்போது எழும் சிறு வெப்பம் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. போதாக்குறைக்குப் பனியின் மேல்பரப்பே இயல்பாகக் கொஞ்சம் இளக்கமானது. படலம் மெல்லியதாக இருந்தால் வழுக்கும். நீர் அதிகமானால் பலகையைக் கவ்விப் பிடித்து இழுக்கும். இரண்டு ஈரக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் பிரிக்க முயன்றால் தெரியும். இதைத் தவிர்க்கவே பலகையின் அடியில் நுணுக்கமான வரிப்பள்ளங்கள் போட்டு, வசந்தத்துக்கென்று தனி மெழுகும் பூசுகிறார்கள்.

இப்போது உப்புக்கு வருவோம்.

சுத்தமான நீர் 0 டிகிரியில் உறையும். உப்பு கரைந்த நீர் அதற்கும் கீழே போனால்தான் உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்பு இருந்தால் சுமார் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. பந்தயப் பாதையில் இருப்பது ஈரப் பனி: ஐஸ் மணிகளும் அவற்றுக்கு நடுவே நீரும், எல்லாம் 0 டிகிரியில். அதன் மேல் கல்லுப்பைத் தூவுகிறார்கள். உப்பு அந்த நீரில் கரைகிறது. உப்புநீர் 0 டிகிரியில் உறைய முடியாது, எனவே தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஐஸை உருக்கத் தொடங்குகிறது. இதுவரை சாலையில் நடப்பதுதான்.

ஐஸ் உருக வெப்பம் வேண்டும், அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. ஒரு கிராம் 0 டிகிரி ஐஸ், 0 டிகிரி நீராக மாற மட்டும் 80 கலோரி தேவை. அதே அளவு வெப்பம் ஒரு கிராம் நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடும். அவ்வளவு வெப்பத்தைச் சட்டென்று எங்கிருந்து எடுப்பது? சுற்றியிருக்கும் பனியிலிருந்தும் நீரிலிருந்தும்தான். உப்புநீர் தானும் குளிர்ந்து, பக்கத்தில் இருப்பதையும் பூஜ்யத்துக்குக் கீழே குளிர வைக்கிறது. பக்கத்தில் இருப்பது உப்பு சேராத நீர் ஆயிற்றே, அது அப்படியே உறைந்து ஐஸ் மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. உப்புநீர் மெல்ல மெல்லக் கீழே வடிந்து போகிறது. மேலே கெட்டியான தளம் மிஞ்சுகிறது. கொஞ்சம் ஐஸைப் பலி கொடுத்து, மணிகளுக்கு நடுவே இருந்த நீரை ஐஸாக்குகிற வியாபாரம் இது.

சாலையில் ஐஸ் மெல்லிய படலம், உப்போ ஏராளம். எல்லா ஐஸும் உருகித் தீர்ந்துவிடும். மலையில் பனி ஆழமானது, உப்பு அளவானது. வேறுபாடு அவ்வளவுதான். அளவு தப்பினால் மலையிலும் கூழ்தான் கிடைக்கும். உலர்ந்த பனியில் போட்டால் கரைய நீரில்லாமல் உப்பு சும்மா கிடக்கும். ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போட்டால் பலன் குறைந்துகொண்டே போகும். பொடி உப்பு சட்டென்று கரைந்து சீக்கிரம் வேலையை முடித்துவிடும், கல்லுப்பு மெல்லக் கரைந்து நீண்ட நேரம் ஆழமாக வேலை செய்யும். அதனால்தான் சோச்சிக்காரர்கள் அடுக்களை உப்போடு திருப்திப்படவில்லை. உருகி ஓடும் உப்பு, செடிக்கும் ஓடைக்கும் நல்லதல்ல என்பதால் பந்தயப் பாதைகளில் மட்டும்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள், சுற்றுலாச் சரிவுகளில் அல்ல.

இருக்கிற பனியை உப்பு இறுக்கும், இல்லாத பனியைக் கொண்டுவராது. 2025-இல் குல்மார்க்கில் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிப்போய், மார்ச்சில்தான் நடந்தன.

உப்பு போட்டு நீர் உறைவதை மலைக்குப் போகாமலே பார்க்கலாம். ஒரு தட்டில் ஐஸ் கட்டியை வைத்து, அதன் மேல் ஈரமான நூலை நெடுக்காகக் கிடத்துங்கள். நூலின் மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டு ஓரிரு நிமிடம் கை வைக்காமல் இருங்கள். பிறகு நூலைத் தூக்கினால் ஐஸ் கட்டியும் தொங்கிக்கொண்டே மேலே வரும். நூல் ஐஸுக்குள் உறைந்துவிட்டது! பந்தயப் பாதையில் நடப்பதும் அச்சு அசலாக இதேதான். பொடி உப்பில் ஒரு முறை, நொறுக்கிய கல்லுப்பில் ஒரு முறை செய்து எது சீக்கிரம் பிடிக்கிறது, எது பலமாகப் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இரண்டு மூன்று கரண்டி கல்லுப்பு போட்டுக் கிளறுங்கள். பள்ளி ஆய்வகத்து வெப்பமானி கிடைத்தால், பாதரசமோ ஆல்கஹாலோ பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி இதற்கு உதவாது. தூத்துக்குடி மாதிரி ஈரக் காற்று வீசும் ஊரில் டம்ளரின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பூத்திருக்கும். அது வழிந்தோடும் நீர் அல்ல, விரலால் சுரண்டக்கூடிய உறைபனி. குல்ஃபிக்காரர் பானைக்குள் ஐஸோடு உப்பைக் கொட்டுவதும் இந்தக் குளிருக்காகத்தான். ஐஸும் உப்பும் கலந்ததைக் கையில் பிடித்துப் பந்தயம் கட்டும் விளையாட்டு மட்டும் வேண்டாம். பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போவதால் தோல் வெந்ததுபோல் புண்ணாகிவிடும்.

முடிந்ததும் தட்டில் தேங்கியிருக்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் பாதியை வேறொரு தட்டில் ஊற்றி நிழலில் வைத்துவிட்டு, மீதியை மொட்டை மாடியில் வெயிலில் வையுங்கள். நீர் முழுவதும் வற்றியபின் அடியில் படிந்திருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நீங்கள் போட்டது பொடியோ கல்லோ, திரும்பி வந்திருப்பது குட்டிக் குட்டிக் கனசதுரங்கள். நிழலில் மெல்ல வற்றவிட்ட தட்டில் அவை பெரிதாக வருகின்றனவா, வெயிலில் வைத்த தட்டிலா என்று இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.